பில்லுக்கு முன் சரக்கு: ஒரு மருந்துக் குடோனுக்கு மென்பொருள் தேடிய பதிவு

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கொள்முதலும் குடோனும் என் பொறுப்பு. ஏறத்தாழ 7,000 பெயர்களில் சரக்கு, இரண்டு தளங்கள், ஒரு குளிர் அறை. மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களின் மருந்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். பில் போட ஒரு மென்பொருள் பல ஆண்டுகளாக ஓடுகிறது; கணக்கு டேலியில் இருக்கிறது. குடோனுக்கென்று தனியாக மேலாண்மை மென்பொருள் வேண்டுமா, வேண்டுமென்றால் எது, அதை எந்த வரிசையில் இறக்குவது என்று நாங்கள் முடிவு செய்த விதத்தை இங்கே எழுதுகிறேன். பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) காலாவதித் தேதியும் உள்ள எந்தச் சரக்குக்கும், அது பூச்சிமருந்தாக இருந்தாலும் பெயின்டாக இருந்தாலும், இதில் பாதியாவது பொருந்தும்.

எங்கள் கையிருப்பு மொத்தக் கணக்கில் பெரிதாகத் தவறுவதில்லை. பேட்ச் வாரியாகப் பார்த்தால்தான் குட்டு உடையும். நடப்பது இதுதான்: கடையிலிருந்து ஆர்டர் வருகிறது, பில் போடுபவர் பதிகிறார். சீக்கிரம் காலாவதியாகும் பேட்சை மென்பொருள் தானே தேர்ந்தெடுத்து பில்லில் அச்சிடுகிறது. அந்த பில்லோடு ஒருவர் ராக்குக்குப் போகிறார். ராக்கில் முன்னால் இருப்பது வேறு பேட்ச். டெல்மிசார்டன் 40 மி.கி. மாத்திரை பத்து ஸ்ட்ரிப் என்றால் கைக்கு எட்டிய பத்து ஸ்ட்ரிப்பை எடுத்துப் போடுகிறார். பேட்ச் எண்ணைப் பார்க்கச் சொல்லலாம்தான். அலுமினியத் தகட்டின் விளிம்பில் மங்கலாகப் பொறித்திருக்கும் எட்டு எழுத்துகளை, மாலை ஆறு மணிக்கு, அடுத்த பில்கள் மேசையில் குவிந்திருக்கும்போது யார் படிப்பார்கள்?

இதன் விளைவு பல மாதம் கழித்து வருகிறது. கடைக்காரர் காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். அந்தப் பேட்சை அவருக்கு விற்றதாக எங்கள் பதிவில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த சரக்குதான். ஏற்றுக்கொண்டால் மருந்து நிறுவனத்திடம் கடன் குறிப்பு (தொகையைக் கழித்துக்கொள்ளத் தரும் சீட்டு) வாங்கும்போது கேள்வி வரும், மறுத்தால் கடை போய்விடும். இதைவிடப் பெரிய கவலை தரக் குறைபாடு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமற்றவை எனக் கண்ட பேட்ச்களின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் நம்மிடம் வந்து போன பேட்ச் இருந்தால், எந்தெந்தக் கடைக்குப் போனது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். மொத்த விற்பனை பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் சொல்வதும் இதற்காகத்தான். எங்கள் பில்லில் பேட்ச் எண் இருக்கிறது. பெட்டிக்குள் போனது அதுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) வந்தபிறகு இன்னொரு தலைவலி சேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் வணிகர்களுக்கிடையேயான பில்லை ஜி.எஸ்.டி.க்கான தளத்தில் பதிவேற்றி ஐ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். அதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. பழைய நாள்களில் ராக்கில் சரக்கு குறைந்தால் பில்லைத் திருத்தி மறுபடி அச்சிட்டுவிடுவோம். இப்போது ஒரு ஸ்ட்ரிப் குறைந்தாலும் ரத்து, இல்லையென்றால் கடன் குறிப்பு.

இதையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் போய் முட்டியது. பில்லைப் பார்த்துச் சரக்கு எடுக்கிறோம். எடுத்த சரக்கைப் பார்த்து பில் போட வேண்டும். மென்பொருள் விற்க வந்த ஒவ்வொருவரிடமும் நாங்கள் முதலில் கேட்டது இதுதான்: உங்கள் முறையில் எது முதலில்? ராக் எண், வண்ண வரைபடம், கைப்பேசிச் செயலி எல்லாம் அதற்கு அப்புறம்.

கேட்டவுடன் பாதிப் பேர் உதிர்ந்துவிட்டார்கள். இப்போதுள்ள பில் மென்பொருளோடு கூடுதலாக வாங்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு, மிக மலிவு. ஆனால் அது செய்வதெல்லாம் பில்லில் ராக் எண்ணையும் சேர்த்து அச்சிடுவதுதான். தேடும் நேரம் மிச்சமாகும், பேட்ச் சிக்கல் அப்படியே இருக்கும். இன்னொன்று இணைய வணிகக் குடோன்களுக்காகச் செய்தது. பில்லுக்கு முன் ஸ்கேன் செய்வது அதன் இயல்பு என்றாலும், ஒரு ஆர்டருக்கு ஓரிரு பொருள் என்ற கணக்கில் திரையும் கட்டணமும் அமைந்திருந்தன. எங்கள் சாதாரண பில்லிலேயே இருபது முப்பது வரிகள் வரும்.

திறந்தமூல வழியையும் உண்மையாகவே யோசித்தோம். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற நிர்வாக மென்பொருளில் பேட்ச், எடுப்புப் பட்டியல் (ஓர் ஆர்டருக்கு எதை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியல்), எந்தச் சரக்கை எங்கே அடுக்குவது என்ற விதி எல்லாம் இருக்கின்றன. உரிமக் கட்டணம் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதை எடுத்தால் பில்லையும் அதிலேயே போடுவதுதான் முறை. குடோன், பில், கணக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிவரும். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. உள்ளே ஒரு நிரலாளர் இருக்கும் நிறுவனத்துக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

மீதமிருந்தவர்களுக்கு எங்கள் தரவையே கொடுத்தோம். செயல்விளக்கத்துக்கு வருபவர்கள் கொண்டுவரும் மாதிரித் தரவில் பத்துப் பொருள்கள் இருக்கும், பத்தும் சமர்த்தாக நடந்துகொள்ளும். நாங்கள் எங்கள் உண்மையான பில்களிலிருந்து சங்கடமானவற்றைப் பொறுக்கினோம். பத்து வாங்கினால் ஒன்று இலவசம், இலவச ஸ்ட்ரிப் வேறு பேட்சிலிருந்து போகிறது. இதை ஒரே வரியில் காட்ட முடியுமா? ஒரே பேட்சுக்கு இரண்டு எம்.ஆர்.பி. இருந்தால் என்ன செய்யும்? இது கற்பனை இல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானபோது, நேற்று ஒரு விலைக்கு விற்ற பேட்சை இன்று வேறு விலைக்கு விற்றோம். நாற்பது ஸ்ட்ரிப் ஆர்டர். பழைய பேட்சில் பன்னிரண்டுதான் இருக்கிறது, அதற்கும் ஆயுள் இரண்டு மாதம். கடைக்காரர் ஆறு மாதத்துக்குக் குறைந்தால் வாங்க மாட்டார். அவருக்கு மட்டும் அந்தப் பேட்சைத் தாண்டிப் போகுமா?

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை மிக எளிமையானது. திரை பன்னிரண்டு என்கிறது, ராக்கில் ஏழுதான் இருக்கிறது. எடுப்பவர் என்ன செய்வார்? ஒரு மென்பொருளில் மேலாளர் வந்து சரக்குத் திருத்தம் போடும்வரை அந்த ஆர்டர் அப்படியே நின்றது. இரவு ஏழு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று அந்த விற்பனைப் பிரதிநிதியைக் கேட்டேன். நாங்கள் தேர்ந்தெடுத்ததில், ஏழை எடுத்துக்கொண்டு 'குறைவு' என்று அழுத்தினால் அடுத்த பேட்ச் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. குறைந்த இடம் மறுநாள் காலை எண்ண வேண்டிய பட்டியலில் தானாகச் சேர்கிறது. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. முதலாளிக்கு விலையைப் பார்த்தபிறகுதான் முடிவானது.

எந்தத் தகவல் யாருடையது என்பதை எழுத்தில் வைத்தோம். பொருள்களின் பெயர், விலை, வரி, கடைகளின் உரிம எண், கடன் வரம்பு எல்லாம் பில் மென்பொருளின் பொறுப்பு. எந்த இடத்தில் எந்தப் பேட்ச் எத்தனை என்பது குடோன் மென்பொருளின் பொறுப்பு. கணக்குப் பேரேடு டேலியிடம். ஆர்டர் பில் மென்பொருளில் பதிவாகும். அது குடோனுக்குப் போகும். எடுத்து, ஸ்கேன் செய்து, பேட்ச் விவரத்தோடு திரும்பி வரும். அதன்பிறகே பில்லும் ஐ.ஆர்.என்.னும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் திருத்த யாருக்கும் அனுமதி இல்லை. இணைப்பு வேலைக்குத் தனிக் கட்டணம் என்று கடைசி நேரத்தில் ஒரு வரி விலைப்பட்டியலில் முளைத்தது. பேசி உள்ளே சேர்த்தோம்.

எதிர்ப்பு விற்பனைப் பக்கத்திலிருந்து வந்தது. "ஆர்டர் கொடுத்த உடனே தொகை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார், சார். சரக்கு எடுத்தபிறகுதான் தெரியும் என்றால் அவர் அடுத்த ஸ்டாக்கிஸ்டுக்கு போன் போட்டுவிடுவார்" என்றார் எங்கள் மூத்த விற்பனைப் பிரதிநிதி. நியாயமான பேச்சு. ஆர்டர் பதிந்தவுடன் உத்தேசத் தொகை குறுஞ்செய்தியாகப் போகும்படி செய்யச் சொல்லியிருக்கிறோம். நேரில் வந்து கவுன்டரில் காத்திருப்பவர்களுக்கு, வேகமாக ஓடும் சரக்கை மட்டும் கொண்ட ஒரு சின்ன ராக் கவுன்டருக்குப் பின்னாலேயே வருகிறது. அங்கும் ஸ்கேன் உண்டு. விதிவிலக்கு கொடுத்தால் அந்த ஓட்டை வழியாகவே எல்லாப் பேட்சும் ஒழுகிப் போகும்.

ஸ்கேன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். எதை ஸ்கேன் செய்வது? இந்த ஒரு கேள்விக்கு நாங்கள் செலவழித்த நேரம், மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஆன நேரத்தைவிட அதிகம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்துப் பிராண்டுகளின் உறையில் பார்கோடு அல்லது க்யூ.ஆர். குறியீடு கட்டாயம், அட்டவணை எச்2 என்பது அந்தப் பட்டியல். பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். எங்கள் 7,000 பெயர்களுக்கு அது எந்த மூலைக்கு? மற்றவற்றில் பெரும்பாலும் பழைய பார்கோடு, 13 இலக்க இ.ஏ.என்., இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. இ.ஏ.என். எந்தப் பொருள் என்பதைத்தான் சொல்லும், பேட்சைச் சொல்லாது. பார்கோடுகளுக்கான உலகத் தர அமைப்பான ஜி.எஸ்.1 முறைப்படி அச்சிட்ட குறியீட்டில் 01 என்ற முன்னெண்ணுக்குப் பின் பொருள் எண், 17க்குப் பின் காலாவதித் தேதி, 10க்குப் பின் பேட்ச் என்று பிரித்துப் படிக்கலாம். அப்படி வரும் பெட்டிகளைப் பார்த்தாலே எனக்கு மகிழ்ச்சி; அவை குறைவு.

ஆகவே சரக்கு உள்ளே வரும்போதே நாங்கள் லேபிள் ஒட்டுகிறோம். ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் ஒட்டுவது நடக்காத காரியம். சிறு பெட்டிக்கு ஒன்று, முழு கேஸுக்கு ஒன்று. ராக்கில் ஒரு தட்டறைக்கு ஒரு பொருளின் ஒரே பேட்ச் என்பது விதி. உடைத்த பெட்டியின் ஸ்ட்ரிப்புகள் அதே பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டி காலியாகும்வரை அதன் லேபிள் பேசும். இந்த விதியைப் போட்டவுடன் தட்டறைகள் போதவில்லை. பெரிய தட்டுகளை அட்டைத் தடுப்பு வைத்துப் பிரித்தோம். தச்சரைக் கூப்பிடத் தேவையே வரவில்லை.

லேபிளில் இரண்டு வகை. பெட்டிக்கு ஒட்டுவது சில வாரங்களில் போய்விடும். வெப்பத்தில் நேரடியாக அச்சாகும் மலிவான காகிதம் போதும். ராக்கில் ஒட்டுவது ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும்; அந்த மலிவான காகிதம் மதுரை வெயிலில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே உள்ள மேல்தளத்தில், மங்கிப் போகும். ராக்குக்கு ரிப்பன் போட்டு அச்சிடும் பிளாஸ்டிக் லேபிள். இரண்டையும் அச்சிடும் ஒரே இயந்திரம் கிடைக்கிறது. ரிப்பன் வசதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இட எண்ணை வெறும் எண்களாகவே வைத்தோம்: 03-12-2-05 என்றால் மூன்றாவது சந்து, பன்னிரண்டாவது ராக், கீழிருந்து இரண்டாவது தட்டு, ஐந்தாவது அறை. எடுப்பவர்களில் ஆங்கில எழுத்துகளில் தடுமாறுபவர்கள் உண்டு. எண்ணில் தடுமாறுபவர் எவரும் இல்லை. சந்து எண்கள், நடந்து போகும் வரிசையிலேயே அமைய வேண்டும். மெட்ஃபார்மின் 500, 1000, அவற்றின் நீடித்துச் செயல்படும் வகைகள் எல்லாம் அகரவரிசையில் அருகருகே இருந்தன. அவற்றைப் பிரித்து வெவ்வேறு ராக்குகளுக்கு அனுப்பிவிட்டோம். அகரவரிசை மனித நினைவுக்கு வசதி. இட எண் வந்தபின் அந்த வசதிக்குத் தேவை இல்லை, ஒன்றுபோல் தெரியும் உறைகள் பக்கத்தில் இருக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

வைஃபை சமிக்ஞையை ராக்குகள் நிறைந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். காலி ராக்கோடு சோதித்த நிறுவனம் ஒரே கருவி போதும் என்றது. சிரப், சலைன் பாட்டில்கள் அடுக்கிய சந்தில் கைப்பேசியோடு நடந்து பார்த்தால் பாதித் தூரத்தில் இணைப்பு விட்டுப் போகிறது. தண்ணீர் அந்த அலைவரிசையை விழுங்கிவிடும், இரும்புச் சட்டம் திருப்பி அடிக்கும். குளிர் அறை இன்னும் மோசம்: 2 முதல் 8 டிகிரி காக்கும் அந்தச் சுவர்கள் இரண்டு பக்கமும் உலோகத் தகடு, உள்ளே சமிக்ஞை நுழையாது. அங்கே கருவியை உள்ளே கொண்டுபோவதையே கைவிட்டோம். குளிரிலிருந்து வெளியே வந்தால் கருவியின் கண்ணாடியில் ஈரம் படிந்து ஸ்கேனும் ஆகாது. இன்சுலின் பெட்டியை எடுத்துவந்து கதவுக்கு வெளியே உள்ள மேசையில் ஸ்கேன் செய்து உடனே குளிர்ப் பெட்டிக்குள் வைப்பது என்று வேலைமுறையை மாற்றினோம்.

கைப்பேசிக் கேமராவாலேயே ஸ்கேன் செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆளுக்கு நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் ஸ்கேன் செய்யும் வேலைக்கு அது ஆகாது. மங்கிய வெளிச்சத்தில் குவியம் தேடிக்கொண்டே நிற்கும். தனி ஸ்கேனர் பொருத்திய ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு எங்களுக்கு வந்த விலை, ஒன்றுக்கு 25,000 முதல் 45,000 ரூபாய் வரை. கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதையே தேர்ந்தோம். கருவி, லேபிள், வைஃபை, கூடுதல் தட்டுகள், இவற்றையெல்லாம் சேர்த்தால் முதலாண்டுச் செலவில் மென்பொருளின் பங்கு பாதியைத் தொடவில்லை. மென்பொருள் விலையை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொருள் பட்டியலைச் சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை; அலுப்பான வேலை, தவிர்க்க முடியாதது. ஒரே மருந்து மூன்று பெயரில், பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பும் பதினைந்து மாத்திரை ஸ்ட்ரிப்பும் ஒரே பெயரில், பெட்டிக்கு எத்தனை ஸ்ட்ரிப் என்பது காலியாக. அடிப்படை அலகு ஸ்ட்ரிப், பாட்டில், குப்பி என்று முடிவு செய்து, பெட்டியும் கேஸும் அதன் மடங்குகள் என்று எழுதினோம். ஓராண்டாக அசையாத பெயர்களைப் புதிய முறைக்கு ஏற்றவே இல்லை.

ஆள்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் எடுப்பு வேலையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எந்த மருந்து எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். "பில் இல்லாமல் எதைப் பார்த்து எடுப்பது, தம்பி? கருவி காட்டும் வழியில் நடந்தால் எனக்கு நேரம்தான் கூடும்" என்றார். அவர் சொல்வது சரி. அவருக்கு நேரம் கூடத்தான் செய்யும். புதிதாகச் சேரும் பையனுக்குத்தான் குறையும். மென்பொருளில் ஒவ்வொருவரின் வேகமும் பளிச்சென்று தெரியும்படி ஒரு திரை இருந்தது. அதை அணைத்து வைக்கச் சொன்னேன். கருவி காட்டும் வேகத்தை வைத்து யாருக்கும் சம்பளம் பிடிக்கப்படாது என்று முதலாளியிடம் எழுதி வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். தட்டறைகளுக்கு இட எண் கொடுக்கும் வேலையை அந்த அண்ணனிடமே ஒப்படைத்தேன். எந்தச் சரக்கு இடுப்பு உயரத்தில், எது ஏணிக்கு மேல் என்பதில் மென்பொருளின் பரிந்துரையை அவர் பல இடங்களில் மாற்றினார். மழைக்காலத்தில் எது பறக்கும் என்று மென்பொருளுக்கு இன்னும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

எந்த வரிசையில் இறக்குவது என்பதில் மென்பொருள் நிறுவனத்தோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு. அவர்கள் மார்ச் 31 அன்று எல்லாவற்றையும் எண்ணி, ஏப்ரல் 1 முதல் முழுமையாக மாறச் சொன்னார்கள். கணக்காளருக்கு அது இனிக்கும். மார்ச் கடைசியில் மருந்து நிறுவனங்கள் இலக்கை எட்டுவதற்காகச் சரக்கைத் தள்ளும் நேரத்தில் குடோனில் நடக்கவே இடம் இருக்காது. எந்த மாதக் கடைசியும் அப்படித்தான். நாங்கள் சொன்ன வழி வேறு: முதலில் உள்வரவு மட்டும். வரும் சரக்குக்கு லேபிள் ஒட்டி, இட எண் கொடுத்து அடுக்குவோம். வெளியே போவது பழைய முறையிலேயே போகட்டும். வேகமாக ஓடும் சரக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானே சுழன்று, ராக்கில் இருப்பதில் பெரும்பகுதி லேபிளோடு இருக்கும். எஞ்சிய மந்தச் சரக்கை மட்டும் சந்து சந்தாக எண்ணி ஒட்டினால் போதும். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு எண்ணிக்கை, திங்கள் முதல் எடுப்பும் புதிய முறையில். பொங்கல் விடுமுறை முடிந்து, தை மாதக் கடைசி ஞாயிறு என்று குறித்திருக்கிறோம். ஆங்கில மாதத்தின் முதல் பாதியில் வருவதால் சரக்கு நெருக்கடி இருக்காது. எடுப்பு தொடங்கியபிறகு இரண்டு முறைகளையும் சேர்த்து ஓட்டப் போவதில்லை. இரட்டைப் பதிவு வைத்தால் இரண்டுமே பிழையாகும்.

ஒப்பந்தத்தில் நாங்கள் விடாப்பிடியாக நின்ற வரிகள்: எங்கள் தரவு முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் நாங்களே இறக்கிக்கொள்ளலாம், ஆதரவு நேரம் இரவு பத்து மணிவரை, ஏனென்றால் எங்கள் வேலை மாலையில்தான் சூடுபிடிக்கும், இணையம் போனால் கருவியில் இறங்கியிருக்கும் எடுப்புப் பட்டியல் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும், கடைசித் தவணை, எடுப்பு தொடங்கி ஒரு மாதக் கடைசியைத் தாண்டியபிறகே. ரூட்டருக்கும் வைஃபை கருவிகளுக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுப்பது எங்கள் வேலை என்று அவர்களும் ஒரு வரி சேர்த்தார்கள். சரிதான்.

இப்போது உள்வரவு புதிய முறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. க்யூ.ஆர். உள்ள மருந்துகளைக் கையால் பதியாமல் ஸ்கேன் செய்து ஏற்ற முயல்கிறோம். நாங்கள் பார்த்தவற்றில் சில, விவரங்களை நேராக எழுத்தாகத் தருகின்றன. சில ஓர் இணையப் பக்கத்துக்கு அனுப்புகின்றன. இரண்டாவது வகையை இப்போதைக்குக் கையால்தான் பதிகிறோம். முடிவாகாத விஷயம் இன்னும் ஒன்று இருக்கிறது: காலாவதிக்கு எத்தனை மாதம் இருக்கும்போது எடுப்புப் பட்டியலிலிருந்து ஒரு பேட்சை மென்பொருள் தானே விலக்க வேண்டும்? மூன்று என்கிறது விற்பனைப் பிரிவு, ஐந்து என்கிறேன் நான். காலாவதிச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி மருந்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், நிறுவன வாரியாக ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரக் கூட்டத்தில் அதை வைத்துப் பேச வேண்டும்.